இடையில் ஒரு தாள்

வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையோரம். கடற்காற்று ஓயாது வந்து மோதும் ஒரு பண்ணையின் கொட்டகைக்குள் பச்சை நிற லேண்ட் ரோவர் ஊர்தி ஒன்று பதினோர் ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்தது. 1964ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஊர்தி அது. ஆட்டுக்குட்டிகளை ஏற்றிச் சென்றது. வைக்கோல் கட்டுகளை இழுத்தது. பனிக்காலங்களில் அண்டை வீட்டாரின் வண்டிகளைப் பள்ளத்திலிருந்து மீட்டது. அதனை ஓட்டியவர் மறைந்த பிறகு அதைத் தொடுவார் இல்லை. வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய மகன் ஒரு கோடையில் ஊர் திரும்பி, கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, ஊர்தியின் பக்கத்தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிக்கொண்டது வெண்ணிறப் பொடி.

"இது அலுமினியம், துருப்பிடிக்காது" என்று தந்தை பெருமையோடு சொல்வதுண்டு. துரு என்பது இரும்புக்கே உரிய பெயராதலால், சொல்லளவில் அது உண்மைதான். அலுமினியம் செந்நிறத் துருவாக மாறுவதில்லை, வெண்பொடியாகக் கரைகிறது. வண்ணப்பூச்சுக்கு அடியில் அந்தப் பொடி திரளும்போது பூச்சு கொப்புளம்போல் உப்புகிறது. மகன் கண்ட கொப்புளங்கள் தகட்டின் நடுப்பகுதியில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தறையாணியைச் சுற்றியே வளர்ந்திருந்தது.

இரு உலோகங்களில் பிறந்த ஊர்தி

இதன் காரணத்தை அறிய அந்த ஊர்தியின் பிறப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்திருந்த காலம். ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸைச் சேர்ந்த ஆங்கில்சி தீவில் தமக்கிருந்த பண்ணையில் போரில் பயன்பட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு மாற்றாக உள்நாட்டிலேயே ஓர் ஊர்தி செய்தால் என்ன என்ற எண்ணம் 1947இல் அவருக்கு எழுந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த ஊர்தி உலகின் பார்வைக்கு வந்தது. அந்நாளில் பிரிட்டனில் எஃகு பங்கீட்டுப் பொருள். கேட்ட அளவுக்குக் கிடைக்காது. போர் வானூர்திகளுக்காகப் பெருக்கப்பட்ட அலுமினியமோ எளிதில் கிடைத்தது. எனவே அடிச்சட்டம் எஃகினாலும், உடற்பகுதி பர்மாபிரைட் எனப்படும் மக்னீசியம் கலந்த அலுமினியக் கலவையினாலும் அமைந்தன.

பற்றாக்குறையில் பிறந்த இந்த ஏற்பாடு பின்னர் அந்த ஊர்தியின் புகழாகவே மாறியது. எடை குறைவு, உடற்பகுதி இற்றுப்போவதில்லை. ஆயினும் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. வடிவமைத்தவர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். பின்பகுதித் தொட்டியின் விளிம்புகளில் அவர்கள் பொருத்திய எஃகுப் பட்டைகளுக்குத் துத்தநாகம் பூசினார்கள். துத்தநாகம் அலுமினியத்துக்கு நெருங்கிய இயல்புடையது. அதனோடு பெரிதும் பகைப்பதில்லை. பிறகு வந்த பழுதுபார்ப்புகளைத்தான் அவர்களால் கட்டுப்படுத்த இயலவில்லை. உழைக்கும் ஊர்திக்கு முதல் பத்தாண்டுகளைத் தொழிற்சாலை தருகிறது. எஞ்சிய காலத்தைப் பண்ணையில் கிடைக்கும் ஆணிகளும் கம்பிகளும் தருகின்றன.

பட்டறைகளில் 'ரிவெட்' என்றே வழங்கும் தறையாணி மிக எளிய பொருள். தலையுள்ள ஒரு சிறு தண்டு. இரு தகடுகளிலும் துளையிட்டு, தண்டைச் செலுத்தி, ஒருபுறத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபுறத்தைச் சுத்தியால் அடித்து நசுக்கினால் அங்கேயும் ஒரு தலை உருவாகிறது. இனி அதைக் கழற்ற வழியில்லை. குடைந்துதான் எடுக்க வேண்டும். திருகாணியைப்போல் இது அதிர்வில் தளர்வதில்லை. பற்றவைப்பைப்போல் தகட்டைச் சூட்டால் நலிவிப்பதும் இல்லை. மறுபுறம் கை எட்டாத இடங்களுக்கு உட்குழலான தறையாணிகள் உண்டு. அவற்றின் நடுவே ஓர் ஊசி இருக்கும். கருவியால் அந்த ஊசியை இழுத்தால் குழலின் மறுமுனை விரிந்து பற்றிக்கொள்ளும். ஊசி ஓரிடத்தில் ஒடிந்து, அதன் தலை மட்டும் உள்ளேயே தங்கிவிடும். 'பாப் ரிவெட்' என்று கடைகளில் கேட்டு வாங்குவது இதைத்தான்.

தந்தையின் கைவேலை

மகன் ஊர்தியைச் சுற்றிவந்து ஒவ்வொரு பழுதுபார்ப்பாக வாசிக்கத் தொடங்கினார். வாசித்தார் என்பதே பொருந்தும். தந்தை நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். அவர் கைப்பட விட்டுச்சென்றவை இந்த ஒட்டுகளே.

பின்தொட்டியின் தரையில் ஓர் அலுமினிய ஒட்டு இருந்தது. அதைப் பிணைத்திருந்தவை செம்புத் தறையாணிகள். குதிரைச் சேணத்தின் தோல்வார்களைத் தைக்கப் பயன்படுபவை. வீட்டில் குதிரை இல்லாமற்போன பிறகும் அவை ஒரு தகரப்பெட்டியில் மிஞ்சியிருந்திருக்க வேண்டும். செம்பு அப்படியே பளபளப்புக் குன்றாமல் இருந்தது. அதைச் சுற்றிய அலுமினியம் அரிக்கப்பட்டு, ஒவ்வொரு தறையாணியும் தன்னைவிடப் பெரிய துளையின் நடுவே பற்றுக்கோடின்றி ஆடிக்கொண்டிருந்தது. விரலால் தள்ளியதும் ஒன்று கீழே விழுந்தது.

முன்புறத்தில், ஓட்டுநரின் கால்களுக்கு முன்னுள்ள தடுப்புச்சுவர் எஃகினால் ஆனது. அதில் தந்தை ஒரு தகட்டை அலுமினியத் தறையாணிகளால் பொருத்தியிருந்தார். அங்கே நிலைமை தலைகீழ். எஃகுத் தகடு ஓரளவு நன்றாகவே இருந்தது. தறையாணிகளின் தலைகள் வெண்பொடியாக உதிர்ந்திருந்தன. கதவின் அடிப்பகுதியில் பிற்காலத்தில் போட்ட உட்குழல் தறையாணிகள் ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்புநிறக் கண்ணீர்போல் ஒரு கோடு வழிந்திருந்தது. குழல் அலுமினியந்தான். ஆனால் உள்ளே ஒடிந்து தங்கிய ஊசித்தலை எஃகு. அது துருப்பிடித்து மழையோடு ஒழுகியிருக்கிறது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத உலோகம் அது.

நான்காவது இடம் அவரை நெடுநேரம் நிறுத்தியது. பக்கத்தகட்டில் மண்வெட்டியை மாட்டிவைக்க ஓர் எஃகுக் கொண்டி பொருத்தப்பட்டிருந்தது. கொண்டி முழுவதும் துரு. அதைக் கழற்றியபோது அதற்கடியில் பழைய சக்கரக்குழாயிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டு இருந்தது. அதைத் தோலுரிப்பதுபோல் உரித்தார். அடியில் அலுமினியம் பழைய பச்சை வண்ணத்தோடு பழுதின்றி இருந்தது. திருகாணி சென்ற துளைகளின் விளிம்பில் மட்டுமே சிறிது வெண்பொடி. ஓடும்போது கொண்டி தடதடக்காமலிருக்கத் தந்தை ரப்பர் வைத்திருக்கலாம். எந்த எண்ணத்தோடு வைத்திருந்தாலும், அந்த இடம் மட்டும் பிழைத்திருந்தது.

அலாரம் என்னும் கப்பல்

இதே காட்சியை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷ் கடற்படை கண்டிருக்கிறது. மரக்கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடற்புழுக்கள் துளைத்து உண்ணும். பாசியும் சிப்பியும் ஒட்டிக் கப்பலின் வேகத்தைக் கெடுக்கும். இவற்றைத் தடுக்க 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் மெல்லிய செம்புத் தகடுகளால் போர்த்திச் சோதனை செய்தார்கள். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் வெப்பக் கடலுக்குச் சென்று திரும்பியது. 1763இல் அதைப் பார்வையிட்டபோது செம்பு தன் வேலையைச் செய்திருந்தது. புழுக்கள் மரத்தை அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் துருக்குழம்பாகிப் பல இடங்களில் தகடுகள் பிரிந்திருந்தன.

எல்லா ஆணிகளும் அழியவில்லை. சிலவற்றின் அருகே செம்புக்கும் இரும்புக்கும் இடையில் பழுப்புநிறத் தாள் சிக்கியிருந்தது. தகடுகளைச் சுற்றிவந்த பொதிதாள் அது. வேலையாட்கள் முற்றாகக் கிழித்தெறியாமல் விட்டது. தாள் இருந்த இடத்தில் இரும்பு நலமாக இருந்தது. உப்புநீரில் செம்பும் இரும்பும் நேராகத் தொடக்கூடாது என்று பார்வையிட்டவர்கள் முடிவுசெய்தனர். ஏன் தொடக்கூடாது என்று சொல்ல அவர்களிடம் அறிவியல் இல்லை. வோல்ட்டா தம் மின்கலத்தை உருவாக்கியதே 1800ஆம் ஆண்டில்தான். அலட்சியமாக வேலை செய்த யாரோ ஒருவரின் கை அந்தச் சோதனையின் சிறந்த பகுதியைச் செய்துவிட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, இரண்டையும் ஈரம் நனைக்குமானால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. உப்பு கலந்த நீர் சிறந்த மின்பகுளி. இரண்டில் எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரைகிறது, மற்றது காக்கப்படுகிறது. மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், எஃகு, ஈயம், பித்தளை, செம்பு, துருவேறா எஃகு என்று உலோகங்களைக் கடல்நீரில் அவை காட்டும் இயல்புக்கேற்ப ஏறத்தாழ வரிசைப்படுத்தலாம். முன்னிற்பது பின்னிற்பதற்காகத் தன்னை இழக்கிறது. வரிசையில் எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம். கால்வானிக் அரிமானம் என்று வேதியியல் இதனை அழைக்கிறது. தொடுகை, ஈரம் இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் மின்கலம் நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு, அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் அதுவே. கரையும் உலோகம் பரப்பில் பெரியதா சிறியதா என்பது முடிவையே மாற்றிவிடும். நூறுபேர் பகிர்ந்து தூக்கும் சுமையை ஒருவர் தலையில் ஏற்றினால் என்னாகும்? பெரிய எஃகுத் தகட்டில் சிறிய அலுமினியத் தறையாணி வைத்தால் அரிமானம் முழுவதும் அந்தச் சிறிய தலையின்மேல் குவிகிறது. தடுப்புச்சுவரில் தறையாணிகள் உதிர்ந்த காரணம் இதுவே. பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய எஃகுத் தறையாணி வைத்தால் இழப்பு பரவலாகிறது. ஆகவே மெல்ல நடக்கிறது. செம்புபோல் வரிசையில் மிகப் பின்தள்ளி நிற்கும் உலோகமானால் அந்தப் பரவலும் காப்பாற்றாது; ஆணியை ஒட்டிய இடமே முதலில் போகிறது.

தேர்வு

இத்தனையும் தெரிந்த பிறகு எந்தத் தறையாணியை வாங்குவது? உறுதியானதை வாங்குவதே சரி என்றுதான் முதலில் தோன்றும். துருவேறா எஃகு உறுதியானது, அழகானது. ஆண்டுகள் கடந்தாலும் மின்னும். அது மின்னிக்கொண்டிருக்கும், அதைச் சூழ்ந்த அலுமினியம் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். உட்புற ஊர்களின் வறண்ட காற்றில் இது பல்லாண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடலோரத்தில் தெரிந்துவிடும். வானூர்திகளுக்கெனச் செய்யப்படும் சில தறையாணிகளும் பழைய ஊர்திகளை மீட்டெடுப்போரைக் கவர்கின்றன. அவற்றின் வலிமை அலுமினியத்தில் செம்பு கலப்பதால் வருவது. அந்தச் செம்பே அரிமானத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கிறது.

அலுமினியத் தகட்டுக்கு அதே இனமான, மக்னீசியம் கலந்த அலுமினியத் தறையாணியே ஏற்றது. வலிமை சற்றுக் குறைவென்றால் எண்ணிக்கையைக் கூட்டலாம். மறுபுறம் கை எட்டும் இடங்களில் திண்மையான தறையாணி. எட்டாத இடங்களில் குழலும் ஊசியும் இரண்டுமே அலுமினியமாக உள்ள, முனை மூடிய உட்குழல் தறையாணி. முனை மூடியிருந்தால் நீர் உட்புகாது. எஃகுத் தடுப்புச்சுவருக்கு எஃகுத் தறையாணி. கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று நீட்டும் பெட்டியின்மேல் ஊசி என்ன உலோகம் என்று அச்சிட்டிருக்கும்; அதைப் படிக்க வேண்டும். காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது அதனினும் நல்லது.

அளவுகளும் எளியவையே. 3.2 மில்லிமீட்டர் தறையாணிக்கு 3.3 மில்லிமீட்டர் துளை போதும். துளை தளர்ந்தால் அங்கே நீர் தங்கும். திண்மையான தறையாணியில், தகடுகளைக் கடந்து நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் அடித்த பிறகு நல்ல தலை அமையும்.

அந்த ஊர்தியின் பழைய தோற்றத்தைப் போற்றுவோர் உலகெங்கும் உள்ளனர். விளிம்புப் பட்டைகளின்மேல் வரிசையாகத் தெரியும் தறையாணித் தலைகளின் வட்டமும் இடைவெளியும் தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவர். அந்த விருப்பம் நியாயமானதே. மேலே தெரியும் தலை பழைய வடிவில் இருக்கட்டும். அடியில் என்ன பூசப்பட்டிருக்கிறது என்பதைத் தொழிற்சாலையைவிடக் கவனமாகச் செய்வதில் தவறில்லை.

தாயின் கேள்வி

மகன் துளைக்கருவியை எடுத்த நாளில் அவருடைய தாய் கொட்டகை வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். எண்பது வயது கடந்தவர்.

"எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறாயா?" என்று கேட்டார்.

"எடுக்க வேண்டும் அம்மா."

"அவர் கையால் வைத்தவை அவை. அந்தக் குளிர்காலத்தில், குட்டிகள் பிறந்துகொண்டிருந்த இரவில், விளக்கை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் வண்டி ஓடியாக வேண்டும். கடை இருபது மைல். பெட்டியில் இருந்ததை வைத்து அடித்தார்."

மகன் மறுமொழி சொல்லாமல், ஆடிக்கொண்டிருந்த செம்புத் தறையாணி ஒன்றை எடுத்துத் தாயின் கையில் வைத்தார். பிறகு தகட்டின் துளையைக் காட்டினார். தாய் அந்தத் தறையாணியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். அது மறுபுறம் விழுந்தது. சிறிது நேரம் கழித்து, "அப்படியானால் எடு" என்றார். "ஆனால் தூக்கி எறியாதே."

பழையவற்றைப் பேணுவோர் எல்லாருக்கும் இந்த இக்கட்டு வரும். முன்னோர் கைவேலையை அப்படியே விட்டால் பொருள் அழிகிறது. பொருளைக் காத்தால் கைவேலை அழிகிறது. நியூயார்க் துறைமுகத்தில் 1886முதல் நிற்கும் சுதந்திரதேவி சிலைக்கும் இதே நிலை வந்தது. வெளியே செம்புத் தோல்; உள்ளே அதைத் தாங்கும் இரும்புப் பட்டைகள். இரண்டும் தொடாதிருக்க அரக்கில் தோய்த்த கல்நாரை இடையில் வைத்திருந்தனர். அறிந்தே செய்த காப்பு அது. ஆயினும் நூறாண்டுக் கடற்காற்றில் அந்தக் காப்பு நைந்தது. இரும்பு துருப்பிடித்துப் பருத்தது. பருத்த இரும்பு செம்புத் தறையாணிகளைப் பிடுங்கி எறிந்தது. 1984முதல் 1986வரை நடந்த சீரமைப்பில் பழைய இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெரும்பாலும் துருவேறா எஃகில் அதே வளைவோடு செய்து, இடையில் டெஃப்லான் வைத்துப் பொருத்தினார்கள். உருவம் பழையது, உள்ளிருப்பது புதியது. இடையில் வைக்கும் பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதை அந்தப் பட்டைகள் காட்டின.

ஆகவே மகன் அவசரப்படவில்லை. பழைய தறையாணித் தலைகளின் நடுவில் புள்ளி குத்தி, தகடு காயப்படாமல் தலையை மட்டும் குடைந்தெடுத்தார். வெண்பொடியைச் சுரண்டிப் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்தார். இரும்புக் கம்பித்தூரிகையைத் தொடவில்லை. அது தகட்டில் இரும்புத் துகள்களைப் பதித்துவிடும். அரிக்கப்பட்டு விரிந்த துளைகளை மூட புதிய அலுமினியத் தகட்டை வெட்டி வைத்தார். தொடும் முகங்கள் இரண்டிலும் அடிப்பூச்சு பூசி உலரவிட்டார். பிறகு, தகடுகளின் இடையிலும் ஒவ்வொரு தறையாணியின் தண்டிலும் மஞ்சள்நிறக் காப்புப்பசையைத் தடவினார். முற்றாக இறுகாமல் நெகிழ்வாகவே இருந்து நீரை விலக்கும் பசை அது. அந்த வகைப் பசைகள் சிலவற்றில் உடலுக்குக் கேடான குரோமேட் உப்பு உண்டு. எனவே கையுறை அணிந்திருந்தார். தறையாணியை அடித்தபோது தலையைச் சுற்றிப் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கியது. அப்படிப் பிதுங்கினால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று பொருள். அதைத் துணியால் துடைத்தார். ஒரு பிற்பகல் முழுவதும் உழைத்து முடிந்தவை பதினெட்டுத் தறையாணிகள்.

"இது எத்தனை ஆண்டு தாங்கும்?" என்றார் தாய்.

"உப்பைக் கழுவி, நீர் வடியும் துளைகளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால், என் காலத்துக்கும் தாங்கும். பசை தேய்ந்தால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும்."

கடைசியாக மிஞ்சியது மண்வெட்டிக் கொண்டி. துரு நீக்கித் துத்தநாகம் பூசி வாங்கிவந்திருந்தார். அடியில் வைக்க நைலான் தகடு ஒன்று கைவசம் இருந்தது. அதை வெட்டக் கத்தியை எடுத்தவர், ஏதோ நினைத்து நிறுத்தி, தந்தையின் ரப்பர்த் துண்டை மேசைமேல் விரித்தார். வெயிலிலும் குளிரிலும் இறுகிப்போயிருந்தது, மடித்தால் ஒடியும். அதையே அளவாக வைத்து, ஓரங்களின் கோணல் உட்படச் சுண்ணக்கட்டியால் வரைந்து, நைலானை வெட்டினார். திருகாணிகளுக்கும் நைலான் வளையங்கள் இட்டு முடுக்கினார். தாய் எழுந்துவந்து, செம்புத் தறையாணிகளையும் அந்த ரப்பர்த் துண்டையும் ஒரு தாளில் பொதிந்து பழைய தகரப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.